கார் வாங்கலாமா? நோட்டைக் கேளுங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரை)



பொருளாளர் எழுந்தால் வரவு செலவு படிப்பார், நாம் கொஞ்சம் கண்ணசரலாம் என்பது நம்ம கூட்ட வழக்கம். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதனால் இன்றைக்கு நான் வேறு கணக்குப் பேசப் போகிறேன். கார் கணக்கு.

ஏன் காரைப் பற்றி என்று கேட்பீர்கள். சொல்றேன். இந்த ஒரு வருடத்தில் கடன் விண்ணப்பங்களைப் பார்க்க உட்கார்ந்தபோது, நோக்கம் என்ற இடத்தில் ‘கறவை மாடு’ என்று எழுதி வந்த இரண்டு விண்ணப்பங்களை நேரில் போய்ப் பார்த்தோம். கொட்டகை இல்லை, தீவனத்துக்கு இடமில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், “பையன் கார் எடுக்கறான்க்கா, முன்பணத்துக்குக் கொஞ்சம் குறையுது” என்று உண்மை வந்துவிட்டது. யார் என்று சொல்ல மாட்டேன். இங்கேதான் இருக்கிறார்கள், திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர்கள் மறைக்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார்கள். ஆனால் நமக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. மாடு பால் கறக்கும், கார் பெட்ரோல் குடிக்கும். மாட்டுக்கு வாங்கிய கடனை மாடு அடைக்கும். காருக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது? நாம்தான். ஒருத்தி நின்றுவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்களுக்கும் அடுத்த வங்கிக் கடன் நிற்கும்.

அதற்காகக் கார் வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மழையில் நனையாமல், கல்யாண மண்டப வாசலில் போய் இறங்க யாருக்குத்தான் பிடிக்காது? 2009-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நானோ வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் மழையில் போவதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். அந்த வண்டி இன்றைக்கு இல்லை. அந்தக் குடும்பம் இன்னும் நம்ம ரோட்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆக, ஆசை தப்பில்லை. ஆசையை நோட்டில் எழுதிப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

நோட்டு நமக்குப் புதிதா? தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாகச் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் 1989-ல் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு ஒன்றாக இருந்தது. கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, சேமிப்புப் புத்தகம், உள்கடன் புத்தகம், தீர்மானப் புத்தகம் என்று எழுதி வளர்ந்த ஊர் இது. பத்து ரூபாய் உள்கடனுக்குத் தீர்மானம் போட்ட நாம், ஏழு லட்ச ரூபாய்ப் பொருளைத் தீர்மானம் இல்லாமல் வாங்கலாமா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மகன் தர்மபுரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், சம்பளம் 26,000. வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர், மரவள்ளியும் கொஞ்சம் காய்கறியும். போன வருடம் செப்டம்பரில் மகன் வந்து, “அம்மா, சின்னக் காருக்கு வரியைக் குறைச்சுட்டாங்க, இப்ப விட்டா கிடைக்காது” என்றான். அவன் சொன்னது சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மேல் நீளம் போகாத, 1,200 சிசிக்கு மேல் போகாத பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் பின்கதவைத் தூக்கித் திறக்கிற சின்னக் கார்கள் இருக்கிறதே, வேகன்-ஆர், டியாகோ, ஸ்விஃப்ட் மாதிரி, அதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரும்.

நான் சொன்னேன்: “வரி குறைஞ்சது நல்லதுதான்டா தம்பி. பெட்ரோல் குறைஞ்சுதா? உன் சம்பளம் ஏறுச்சா? ஒரு மூணு மாசம் நோட்டு எழுதுவோம். அதுக்குள்ள வரி ஓடிப்போயிடாது.”

முதல் கணக்கு, தேவைக் கணக்கு. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரிலேயே எழுதினோம். பஸ்ஸில் போக முடியாது, டூவீலரிலும் போக முடியாது, கார்தான் வேண்டும் என்கிற நாளை மட்டும் வட்டம் போட்டோம். அத்தைக்கு 78 வயது, பஸ் படி ஏற முடியாது. அவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, ஒரு வளைகாப்பு, குலதெய்வக் கோயில், இரண்டு துக்கம் என்று மூன்று மாதத்தில் 10 நாள். வாடகை வண்டிக்குக் கொடுத்தது மொத்தம் 14,800 ரூபாய். மாதத்துக்கு ஐந்தாயிரம்கூட வரவில்லை. மற்றபடி நானும் மருமகளும் டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கார் வந்தால் அந்த இலவசப் பயணத்தையும் விட்டுவிட்டுப் பெட்ரோல் போட்டுத்தான் போவோம். வாசலில் கார் நின்றால் எந்தப் பிள்ளையாவது பஸ்ஸுக்கு நிற்குமா?

இரண்டாவது, விலைக் கணக்கு. விளம்பரத்தில் போடுவது ஷோரூம் விலை. நாம் கொடுக்கப் போவது ரோட்டுக்கு வரும் விலை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வரி வரியாக எழுதி வாங்க வேண்டும். ஷோரூம் விலை 6 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அது 78,000. காப்பீடு சுமார் 32,000. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரேயடியாக மூன்று வருடத்துக்குக் கட்ட வேண்டும், அதனால்தான் முதல் வருடம் கனமாக இருக்கும். பதிவு, நம்பர் பலகை, ஃபாஸ்டேக் எல்லாம் ஒரு 5,000. கூட்டினால் 7,15,000. இதற்கு மேல் சீட் கவர், மிதியடி, கூடுதல் உத்தரவாதம், பாலீஷ், ‘கையாளும் கட்டணம்’ என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் விரல் வைத்து “இது கட்டாயமா?” என்று கேளுங்கள். காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்பதில்லை, வெளியில் விலை கேட்டு ஒப்பிடலாம்.

மூன்றாவது, வட்டிக் கணக்கு. இதில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது, நாம் வட்டியிலேயே பழகியவர்கள். ஆனாலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒருவர் 9.5 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 7 சதவீதம் என்கிறார். 7 தானே குறைவு என்று தோன்றும். அந்த 7 நிலையான வட்டி. அதாவது 5 லட்சம் வாங்கி, பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். நம்ம குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமே, அது குறைந்துவரும் இருப்பு வட்டி. 5 லட்சத்தை 5 வருடத்தில் கட்டுவதாக வையுங்கள். குறைந்துவரும் இருப்பில் 9.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 10,501. நிலையான 7 சதவீதம் என்றால் தவணை 11,250. சின்ன எண்ணாகத் தெரிந்த 7 தான் உண்மையில் 12.5 சதவீத வட்டி.

தவணை கனமாக இருக்கிறதே என்றால் உடனே “7 வருடமாகப் போட்டுக்குங்க” என்பார்கள். தவணை 8,172 ஆகக் குறையும். ஆனால் 5 வருடத்தில் சுமார் 1,30,000 போகிற வட்டி 7 வருடத்தில் 1,86,000 தாண்டிவிடும். மாதம் லேசானது போலத் தெரிய 56,000 ரூபாய் கூடுதல். 2024 அக்டோபரிலிருந்து கடன் கொடுப்பவர்கள் ‘முக்கிய விவரச் சீட்டு’ என்று ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, மாதக் கணக்கு. தவணை மட்டும்தான் கார் செலவு என்று நினைப்பவர்கள் அதிகம். மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால், விளம்பரத்தில் சொல்லும் 24, 25 மைலேஜ் நம்ம மேட்டு ரோட்டுக்கும் ஊர் நெரிசலுக்கும் வராது, 18 என்று வையுங்கள். 33 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 3,300. அடுத்த வருடக் காப்பீட்டுக்கு மாதம் 1,200 ஒதுக்க வேண்டும். சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டால் 1,000. தவணையோடு சேர்த்தால் மாதம் 16,000.

இதில் யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வந்த விதிகளைப் படித்திருப்பீர்கள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் வைத்திருக்கிற குடும்பம் அதற்குத் தகுதி இல்லை. ஆக, வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு மாதம் 1,000, வருடம் 12,000, தவணை முடியும் 5 வருடத்தில் 60,000. அது வீட்டு ஆம்பளை கையில் வருகிற பணமில்லை, நம்ம பெயரில், நம்ம கணக்கில் வருகிற பணம். கார் குடும்பத்துக்கு வருகிறது, காசு நம்ம கணக்கிலிருந்து போகிறது. அதனால் அந்த வரியை நாம்தான் எழுத வேண்டும். விதி பிறகு மாறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டே எழுதுங்கள். அதையும் சேர்த்தால் 17,000.

“பணம் எங்கேயும் போகலையே, வண்டியா நிக்குதே” என்று என் வீட்டுக்காரரே சொன்னார். அதையும் பார்த்தோம். காப்பீட்டுக் கம்பெனிகள் வண்டிக்கு மதிப்புப் போட ஒரு தேய்மானக் கணக்கு வைத்திருக்கின்றன. ஒரு வருடம் ஆவதற்குள் 15 சதவீதம் கழிப்பார்கள், மூன்றாவது வருடத்தில் 30, ஐந்தாவது வருடத்தில் 50. அதுவும் ஷோரூம் விலையில்தான் மதிப்பு, கட்டிய ஆயுள் வரிக்கு மதிப்பு கிடையாது. 7,15,000 விலை, 1,30,000 வட்டி, ஆக 8,45,000 போட்டு, 5 வருடம் கழித்துக் கையில் நிற்பது சுமார் 3 லட்சம். தங்கம் மாதிரி, நிலம் மாதிரி இது சொத்து இல்லை. உபயோகிக்கிற பொருள். உபயோகம் இருந்தால் வாங்கலாம், சொத்து என்று சொல்லி வாங்கக் கூடாது.

இத்தனையும் எழுதிய பிறகும் மகன் முகம் வாடித்தான் இருந்தது. அதனால் கடைசியாக ஒரு சோதனை வைத்தோம். வாங்காத காருக்குத் தவணை கட்டுவது. மாதம் 10,500 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் 5-ஆம் தேதி போட வேண்டும். ஆறு மாதம் தவறாமல் போட்டுவிட்டால் காருக்கு நானே பூசணிக்காய் சுற்றுகிறேன் என்றேன்.

முதல் இரண்டு மாதம் சரியாகப் போட்டான். மூன்றாவது மாதம் கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோனது. அந்த மாதம் பூஜ்யம். அடுத்த இரண்டு மாதம் பேத்தி பள்ளிக் கட்டணம், ஆளுக்குப் பாதியாக 5,000, 5,000. ஆறாவது மாதம் மறுபடி முழுசாகப் போட்டான். 63,000 இருக்க வேண்டிய இடத்தில் 41,500 இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பாஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “நெசமாவே கடன் எடுத்திருந்தா மூணு மாசம் பேங்க்ல இருந்து போன் வந்திருக்கும்மா” என்றான். தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அந்தக் கணக்கில் முடிந்ததைப் போட்டுக்கொண்டே வருகிறான். பாதி விலை சேர்ந்த பிறகு பார்ப்போம் என்பது வீட்டுத் தீர்மானம். எங்கள் நோட்டு சொன்ன பதில்: இப்போது வேண்டாம்.

ஆனால் எல்லா நோட்டும் ஒரே பதில் சொல்லாது. என் நாத்தனாரை ஒகேனக்கல் போகிற ரோட்டில் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. 45 கிலோமீட்டர் போய் வருவதுதான் செலவு. காலையில் பஸ்ஸில் போய்விடலாம், முடிந்து வெளியே வரும்போது மனுஷன் துவண்டு போய் இருப்பார், நிற்க வைத்துக் கூட்டி வர முடியாது. வாடகை வண்டிக்குக் காத்திருப்பு, பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 1,600. மாதம் 13 நடை, 20,800.

“அண்ணி, உன் நோட்டை எனக்கும் போடு” என்று வந்தாள். போட்டோம். புதுக் கார் என்றால் தவணை 10,500, பெட்ரோல் 1,300 கிலோமீட்டருக்கு 7,200, காப்பீடு 1,200, ஓட்டம் அதிகம் என்பதால் சர்வீசும் டயரும் 1,500, உரிமைத் தொகை 1,000. மொத்தம் 21,400. வாடகையைவிட அதிகம். அதோடு அவளே ஒன்று சொன்னாள். எனக்கு அதைக் கேட்கவே தைரியம் வந்திருக்காது. “ஆள் நல்லா இருக்கற வரைக்கும்தான் அண்ணி இந்தக் கணக்கு. அஞ்சு வருசத்துக்குக் கடன் வாங்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?” என்றாள்.

அதனால் மூன்று வருடம் ஓடிய அதே மாதிரி கார் ஒன்றை 4,20,000-க்குப் பார்த்தோம். ஆயுள் வரியை முதல் சொந்தக்காரரே கட்டிவிட்டார், நாம் மறுபடி கட்ட வேண்டியதில்லை. புதுசு வாங்கியவர் இழந்தது பழசு வாங்குபவருக்கு லாபம். புளி விற்ற பணமும் சேமிப்புமாக 2,20,000 கையில் இருந்தது. 2 லட்சம் மட்டும் 3 வருடத்துக்கு 12 சதவீதத்தில் கடன், தவணை 6,643. பெட்ரோல் 7,200, காப்பீடு 1,000, பழைய வண்டி என்பதால் பராமரிப்பு 2,000, உரிமைத் தொகை 1,000. மொத்தம் 17,850-க்குள். வாடகையைவிட மாதம் 3,000 மிச்சம், மூன்று வருடத்தில் கடனும் முடியும்.

வாடகையில் டிரைவர் சேர்த்தி, சொந்தக் காரில் யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அவள் மகள் எல்எல்ஆர் போட்டு, பழகி, உரிமம் எடுத்தாள். இன்றைக்கு அப்பாவை அவள்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறாள். அந்த நோட்டு சொன்ன பதில்: கார் வேண்டும், புதுசு வேண்டாம்.

மூன்றாவது ஒரு வீடு. நம்ம உறுப்பினர் ஒருவர், மகனும் மருமகளும் ஓசூரில் கம்பெனி வேலை, இரண்டு சம்பளமும் சேர்ந்து 48,000. மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மருமகள் ஷிப்ட் முடிய இரவு பத்தரை ஆகும். தூங்குகிற குழந்தையை டூவீலரில் நடுவில் வைத்துக்கொண்டு பனியில் வர முடியாமல், வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தாள். அவள் சம்பளம் 18,000. நோட்டில் எழுதினார்கள். சீட்டு எடுத்த பணம் 3,50,000 கையில். மீதி 3,65,000 கடன், தவணை 7,700. பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ் சேர்ந்து 13,500. ஏற்கெனவே டூவீலர் பெட்ரோலுக்கும் ஆட்டோவுக்கும் 6,500 போய்க்கொண்டிருந்தது. கூடுதல் செலவு 7,000, காப்பாற்றுவது 18,000 ரூபாய் வேலையை. வேறு கடன் ஒன்றும் இல்லை. நம்பி வாங்கினார்கள், புதுக் கார்தான் வாங்கினார்கள். பத்தரை மணிக்கு வழியில் நின்றுபோகாத வண்டி வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அந்த நோட்டு சொன்ன பதில்: வாங்கு.

அதே சின்னக் கார், மூன்று வீடு, மூன்று பதில். எதிர் வீட்டில் எடுத்தார்கள் என்பதற்காக எடுப்பதும் தப்பு, எதிர் வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்பதற்காக விடுவதும் தப்பு.

வாங்குவது என்று முடிவானால் சில விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது பையனை மட்டும் அனுப்பாதீர்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர்கள் முட்டி மடக்கி ஏறி இறங்க முடிகிறதா, பின்சீட்டில் மூன்று பேர் உட்கார முடிகிறதா, இரண்டு மூட்டை வைக்கப் பின்னால் இடம் இருக்கிறதா, நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டுகிறதா, எல்லாம் பாருங்கள். பாட்டுப் பெட்டியையும் திரையையும் கடைசியில் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று மோதல் சோதனை செய்து நட்சத்திரம் தருகிறார்கள். எத்தனை நட்சத்திரம், எத்தனை ஏர்பேக் என்று முதலில் கேளுங்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சர்வீஸ் செய்யும் இடம் எத்தனை கிலோமீட்டர் என்பதும் முக்கியம். வண்டி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். போன வருடம் செய்த வண்டியை இந்த வருடம் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய கார் என்றால் நமக்குத் தெரிந்த மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதன் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, அபராத ரசீது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி. பெயர் மாறினால் 14 நாளுக்குள் காப்பீட்டையும் பெயர் மாற்ற வேண்டும்.

“வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிடலாம்” என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். வெள்ளைப் பலகை வண்டி வீட்டுக்கு மட்டும்தான். வாடகைக்கு விட பெர்மிட் வேண்டும், மஞ்சள் பலகை வேண்டும், காப்பீடும் அதற்கேற்றது வேண்டும். வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். தொழிலாகச் செய்வது என்றால் தொழிலாகவே பதிவு செய்து, தொழிலாகவே கணக்குப் போடுங்கள். அதற்கு நம்ம கூட்டமைப்பும் துணை நிற்கும்.

அப்புறம், பெயர். தவணை நம்ம சம்பாத்தியத்தில், ஆர்.சி. புத்தகம் வேறு பெயரில் என்று பல வீட்டில் இருக்கிறது. பணம் போடுகிறவள் பெயர் புத்தகத்தில் வரட்டும். இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்தக் கடன் நம்ம பெயரிலும் ஏறும் என்று தெரிந்து போடுங்கள். பொண்ணு கல்யாணத்துக்குச் சீராகக் கார் கேட்டால் அதற்கு நோட்டே தேவையில்லை. அது வரதட்சணை, 1961-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்கு நம்ம குழுவில் ஒரு ரூபாய் உள்கடன்கூடத் தரக் கூடாது.

முடிக்கும் முன் கூட்டமைப்பின் முன்னால் நான்கு யோசனை வைக்கிறேன். ஒன்று, தொழிலுக்கு என்று வாங்கும் கடன் தொழிலுக்கே போக வேண்டும். காருக்கு வேண்டுமென்றால் காருக்கு என்றே எழுதிக் கேளுங்கள், குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும். இரண்டு, முன்பணத்தைக் கடனாகவோ நகையை அடகு வைத்தோ புரட்டுகிறவர்களைக் குழுவே உட்கார வைத்துப் பேச வேண்டும். முன்பணமும் கடன், மீதியும் கடன் என்றால் அந்த வண்டியில் ஒரு சக்கரம்கூட நம்முடையது இல்லை. மூன்று, மூன்று மாதத் தேவைக் கணக்கும் ஆறு மாதப் பொய்த் தவணையும் போட்டுப் பார்த்த பிறகுதான் பேச்சு. நான்கு, குடும்பத்துக்கு ஒரு பெண்ணாவது வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள, அதற்குக் குறைந்த வட்டியில் உள்கடன் தரலாம். கார் வருகிறதோ இல்லையோ, கற்ற வித்தை தேயாது, அதற்குத் தேய்மானமும் கிடையாது.

உங்கள் நோட்டில் எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாதக் கூட்டத்துக்கு வரும்போது காலண்டரைக் கொண்டு வாருங்கள். வட்டம் போட்ட நாட்களை வைத்துக்கொண்டு கணக்குப் புத்தகம் எழுதுகிற தங்கச்சிகளும் நானும் உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறோம். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது. எண்களை அவர்கள் கையாலேயே கூட்டட்டும்.